மறு: மறு: ட்விஸ்டட் பேர் – தமிழில்? (அவசரம்)

வணக்கம். வீட்டிலுள்ள பழைய தொலைபேசி வயரையும் சாக்கெட்டையும் மாற்றுவது பற்றிய கையேட்டைத் தமிழாக்குகிறேன். நாளை அச்சுக்குப் போகிறது. சாக்கெட்டுக்குப் 'பொருத்துவாய்' போட்டாயிற்று. ட்விஸ்டட் பேர் என்பது ஒன்றையொன்று சுற்றிப் போகும் இரண்டு கம்பிகள். இடிக்கிற வரி இதுதான்: 'பொருத்துவாயில் இணைக்கும்போது ட்விஸ்டட் பேரை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.'

*

'முறுக்கிணை'. வினைத்தொகை, சுருக்கம். வேறென்ன வேண்டும்?

*

> முறுக்கிணை

முறுக்குவிசை என்று இயற்பியலில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, குழப்பும். 'புரி' என்றாலே முறுக்கிய இழை. முப்புரிநூல், வலம்புரி எல்லாம் அதில் வந்தவை. நற்றிணை 284இல் இரண்டு களிறுகள் பற்றி இழுக்கும் 'தேய்புரிப் பழங்கயிறு' வருகிறது. புலவருக்குப் பெயரே அந்தத் தொடரால் வந்ததுதான். ஆகவே 'புரியிணை'. மதிலைக் குறிக்கும் புரிசையும் 'சுற்றி வருவது' என்ற பொருளில் பிறந்திருக்கலாம் என்பது என் எண்ணம். விரிவாகப் பிறகு.

*

ஐயா, இப்போது புரிசை எதற்கு? 'புரியைப் பிரிக்காதீர்கள்' என்றால் யாருக்குப் புரியும்? நான் வயரிங் கற்றுத்தருகிறவன். மாணவர்கள் நீல ஜோடி, ஆரஞ்சு ஜோடி என்றுதான் சொல்கிறார்கள். முறுக்கு எதற்கு என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ஒன்றையொன்று சுற்றிப் போவதால் வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறும். மறுமுனைக் கருவி இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். 1881இலேயே கிரகாம் பெல் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பேச்சுக்கு 3,400 ஹெர்ட்ஸ் போதும் என்பதால் முறுக்கில்லாத பழைய தட்டை வயரே சமாளித்தது. இணையத்துக்குப் போடும் கேட்-5இ வயர் 100 மெகாஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். அங்கே முறுக்கு அவிழ்ந்தால் வேகம் போச்சு. 'முறுக்கு ஜோடி' என்று எழுதுங்கள்.

*

கிரந்த எழுத்தோடு ஒரு கலைச்சொல்லா? 'சோடி' என்றாவது எழுதலாமே. சாக்கெட்டுக்கும் 'குதை' இருக்கிறது. வில்லில் நாண் பூட்டும் இடம். யாரும் கண்டுகொள்ள மாட்டீர்கள்.

*

அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். 'முறுக்கிணை' என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'ஒன்றையொன்று சுற்றிய இரட்டைக் கம்பி' என விளக்கம் சேர்த்துவிட்டேன். நிறப் பட்டியலில் ஜோடி அப்படியே இருக்கும். அனைவருக்கும் நன்றி.

*

தாமதம்தான், இருந்தாலும் பதிவாகட்டும். இணைகோடு என்றால் சந்திக்காத கோடு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, விடாமல் பின்னிக்கொண்டு போகும் கம்பிகளுக்கும் 'இணை' என்கிறோம். அடுத்த பதிப்பில் 'முறுக்கிரட்டை' என்று மாற்றுங்கள். 'இணை'க்கு என் ஓட்டு கிடையாது.