ஓபிடி போர்ட்டில் செருகும் மைலேஜ் டப்பா வேலை செய்யவில்லை, ரீசெட் தப்பாகிவிட்டதா?

கேள்வி:
ஒரு வாரமாகப் போனைத் திறந்தாலே இந்த விளம்பரம்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி செருகும் இடம்) செருகி, ரீசெட் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், நாம் ஓட்டும் விதத்தைப் படித்துக்கொண்டு பெட்ரோலில் 35 சதவீதம் மிச்சம் பிடிக்குமாம். பாதி நம்பிக்கையோடுதான் வாங்கினேன் (வீட்டில் இன்னும் சொல்லவில்லை). பச்சை விளக்கு அழகாக மினுக்குகிறது, மைலேஜ் மட்டும் நகரவே இல்லை.

பதில்:
ரீசெட் மேல் பழி போடாதீர்கள். மூடியை நெம்பித் திறந்து பாருங்கள். நான் பிரித்ததில் ஒரு சில்லு, மூன்று எல்இடி, ஒரு பொத்தான், அவ்வளவுதான். இப்போதைய கார்களில் கம்ப்யூட்டர் பேசுவது அந்த போர்ட்டின் 6, 14 ஆகிய பின்களில். 16 பேட்டரி, 4, 5 எர்த். என் டப்பாவில் 6, 14 இரண்டிலிருந்தும் சில்லுக்கு ஒரு கோடுகூடப் போகவில்லை. காரோடு பேசாத பொருள் எதைப் படிக்கும்?

பதில்:
எனக்கு முதல் வாரம் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியதே?

பதில்:
டப்பா போட்ட வாரம் நீங்கள் ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்திருப்பீர்கள், அதுதான் கூடியது. தவிர, ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கை ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறது. அரை சதவீத மிச்சத்துக்காக வருடக்கணக்கில் மண்டையை உடைக்கும் கார் கம்பெனிகள், 35 சதவீதம் இந்தத் தீப்பெட்டிக்குள் கிடைத்தால் சும்மா விடுவார்களா? அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட கருவிகள் 100க்கு மேல் ஆராய்ந்தும், மைலேஜைப் பெரிதாகக் கூட்டியதாக ஒன்றும் தேறவில்லை. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தமும் இதே ரகம்தான்.

பதில்:
முதலில் கழற்றி வையுங்கள், வண்டியை அணைத்தாலும் 16ஆம் பின்னில் கரண்ட் இருக்கும், டப்பா பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். கார்டில் கட்டியிருந்தால் விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வங்கியில் புகார் கொடுங்கள். அப்புறம் டயர் காற்றைப் பாருங்கள், அது குறைந்தால் மைலேஜும் குறையும்.

கேட்டவர்:
திறந்தேன். நீங்கள் சொன்ன அதே மூன்று எல்இடி, 6, 14 அந்தரத்தில். வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டயர் விஷயத்தில் வெட்கமாக இருக்கிறது: கதவோர ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ, முன் இடது டயரில் 24. இதற்கிடையில் இன்னொரு விளம்பரம் வந்துவிட்டது, அதே டப்பா, சிவப்பு நிறம், இந்த முறை 55 சதவீதமாம்.