வீணையைக் காரில் கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி: ஒரே பலாமரத்தில் குடைந்த, ஏறத்தாழ 4 அடி நீளமுள்ள வீணையைத் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குச் சிறிய காரில் கொண்டுவர வேண்டியுள்ளது. டிக்கியில் அது அடங்கவில்லை, கூரைமேல் கட்டலாமா?

மறுமொழி: கூரைமேல் வேண்டவே வேண்டாம், ஐயா. 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) தேன்மெழுகில் கரித்தூள் கலந்த மெழுகின்மேல் பதிக்கப்பட்டிருப்பதால், வெயிலில் அது இளகி மெட்டுகள் சற்றே நகர்ந்தாலும் சுரஸ்தானங்கள், அதாவது சுரங்கள் ஒலிக்கும் இடங்கள், பிசகிவிடும்; பிறகு கைதேர்ந்தவரிடம் கொடுத்து மீண்டும் மேளம் கட்ட (மெட்டுகளைச் சுரத்துக்கேற்பப் பதிக்க) வேண்டியிருக்கும். வீணையின் பெரிய உருண்டைப் பகுதியான குடத்தை மெத்தையில் பொருத்திப் பின்னிருக்கையில் கிடத்துங்கள். யாளி முகத்தையும் தந்திகளை முறுக்கும் பிரடைகளையும் துணியால் சுற்றிவிடுங்கள்.

மறுமொழி: யாளி முகப் பக்கம் தண்டின் அடியில் பொருத்தியிருக்கும் சுரைக்காயைக் கழற்றித் தனியே வையுங்கள். (இப்போது பல வீணைகளில் அது காகிதக்கூழால் ஆனதுதான், பெயர் மட்டும் சுரைக்காய்!) என்னுடையது ஒருமுறை கதவிடுக்கில் நசுங்கியது.

கேட்டவர்: நன்றி. வழியில் சாப்பிட நிறுத்தினால்?

மறுமொழி: நிழலில் நிறுத்தினாலும், கண்ணாடிகளை மூடிய காருக்குள் வீணையை விட்டுச் செல்லாதீர்கள், ஒருவர் உடன் இருக்கட்டும்.