ஊடக, தொலைத்தொடர்பு ஊழியர்கள் என்ன படித்தவர்கள்? அட்டவணை போட உதவி தேவை

செங்காங் மலர்:
வணக்கம். எங்கள் வட்டார நற்பணிக் குழு உயர்நிலை நான்கு மாணவர்களுக்காக ஒரு வேலை வழிகாட்டிக் கையேடு தயாரிக்கிறது. சிங்கப்பூரில் ஊடகத்திலும் தொலைத்தொடர்பிலும் இருக்கும் தமிழர்கள் எதைப் படித்துவிட்டு அங்கே போனார்கள் என்று அதில் ஒரு அட்டவணை வர வேண்டும். கூகல் படிவத்தில் "படித்த துறை" என்று கேட்டு, கலை, பொறியியல், தகவல், தொடர்பு, வணிகம், பிற என ஆறு தெரிவுகள் கொடுத்தோம். "தொடர்பு" என்று குறித்தவர்களில் பலர் பொறியாளர்கள். "தகவல்" பெட்டியில் நூலகரும் இருக்கிறார், புரோகிராமரும் இருக்கிறார். எங்கே பிசகியது? மனிதவள அமைச்சின் அட்டவணையோடு இதை ஒப்பிடலாமா?

எண்ணும் எழுத்தும்:
பிசகியது தெரிவுகளில்தான். தமிழில் "தொடர்பு" என்ற ஒரே சொல் இரண்டு படிப்புகளுக்கு நிற்கிறது. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்தவரும் மாஸ் கம்யூனிகேஷன் படித்தவரும் அதே பெட்டியைத்தான் தட்டுவார்கள். "தகவல்" கதையும் அதேதான். புள்ளிவிவரத் துறையின் கல்வி வகைப்பாட்டில் (எஸ்எஸ்இசி) "மாஸ் கம்யூனிகேஷன், தகவல் அறிவியல்" ஒரு பிரிவு. நூலகவியல் போவது அங்கே. கணினிப் படிப்புகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் என்று தனிப் பிரிவு உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ பள்ளியின் பெயரிலேயே "கம்யூனிகேஷன் அண்ட் இன்ஃபர்மேஷன்" இருக்கிறது. அங்கே இதழியலும் படிக்கலாம், தகவல் ஆய்வியலும் படிக்கலாம்.

துறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பதில் சொல்பவரிடம் விடாதீர்கள். சான்றிதழில் இருக்கும் பெயரை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் வகைப்படுத்துங்கள். படிவத்தில் வேண்டியவை: முடித்த படிப்புகளில் மிக உயர்ந்ததன் முழுப் பெயர், கல்வி நிலையம், முடித்த ஆண்டு, வேலையின் பெயர், அதில் அதிக நேரம் எடுக்கும் இரண்டு பணிகள், நிறுவனத்தின் பெயர் அல்லது யூஇஎன் எனப்படும் அதன் பதிவு எண்.

தமிழ்நாட்டுப் பட்டங்களில் கவனம் தேவை. பி.இ. இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) என்றால் பொறியியல். பிசிஏ, எம்சிஏ என்ற கணினிப் பட்டங்கள் இரண்டும் தகவல் தொழில்நுட்பம். பி.ஏ. தமிழ், மானுடப் புலங்கள் மற்றும் சமூக அறிவியல் (ஹியூமானிட்டீஸ் அண்ட் சோஷியல் சயின்சஸ்) பிரிவு. தகராறு வருவது விஸ்காமில்தான் (விஷுவல் கம்யூனிகேஷன்): பாடத்தில் இதழியலும் விளம்பரமும் கூடுதலா, வரைகலையும் அனிமேஷனும் கூடுதலா என்று பார்த்து மாஸ் கம்யூனிகேஷனிலோ நுண்கலையிலோ சேர்க்க வேண்டும். எதில் சேர்த்தாலும் எல்லா விஸ்காமுக்கும் ஒரே விதி இருக்கட்டும். அந்த விதியை எழுதி வையுங்கள்.

இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாத வரிகளை மூன்றாமவர் தீர்க்கட்டும்.

ஈசூன் ஃபைபர்:
அந்த "இரண்டு பணிகள்" கேள்வியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். தொலைத்தொடர்பில் "நெட்வொர்க் எஞ்சினியர்" என்ற பெயருக்குள் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் ரேடியோ திட்டமிடுபவர். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையே எவ்வளவு தூரம் போகும், ஆன்டெனாவை எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்பது அவர் பாடு. பெரும்பாலும் மின்னணுப் பொறியியல் படித்தவராக இருப்பார். இன்னொருவர் கோர் நெட்வொர்க்கை, அதாவது கட்டமைப்பின் மைய அமைப்பை, பார்ப்பவர். 5ஜி கோர் இன்று சர்வரில் ஓடும் மென்பொருள், ஆகவே கணினி படித்தவர்கள் அங்கே எளிதாக உள்ளே வருகிறார்கள். மூன்றாமவர் ஃபைபர் வேலைக்குப் போகும் டெக்னீஷியன். மேலுறையை உரித்து 125 மைக்ரான் கண்ணாடி இழையை வெளியே எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் நேராக வெட்டி, ஸ்பிளைசரில் வைத்து உருக்கி ஒட்டுவார். ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு 0.1 டெசிபெல்லைத் தாண்டினால் வெட்டி மறுபடி செய்வார். வெட்டு கோணலாக இருந்தாலும் தூசி ஒட்டியிருந்தாலும் இழப்பு ஏறும். இதற்கு இளங்கலைப் பட்டம் தேவையில்லை. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்த கைத்திறன் போதும்.

இந்த மூவரையும் ஒரே வரியில் அடைத்தால், தொலைத்தொடர்புக்குப் போக எஞ்சினியரிங் பட்டம் வேண்டும் என்று மாணவர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணும் எழுத்தும்:
அமைச்சின் அட்டவணையோடு ஒப்பிடுவது பற்றி. மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலில், அமைச்சின் ஊழியரணி ஆய்வில் வரும் படிப்பு விவரங்கள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணுபவை. எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டினருக்கான வேலை அனுமதியில்) இருக்கும் தமிழ்நாட்டுப் பொறியாளர் உங்கள் பட்டியலில் வருவார், அதில் வரமாட்டார். குடியுரிமை நிலையையும் கேளுங்கள்.

அடுத்து, "தகவல், தொடர்பு" என்ற தொழில்துறைப் பிரிவில் பதிப்பு, ஒளிபரப்பு, தொலைத்தொடர்பு எல்லாம் கணினி நிரலாக்கத்தோடு சேர்ந்திருக்கின்றன (எஸ்எஸ்ஐசி என்ற தொழில்துறை வகைப்பாட்டின் 2020 பதிப்பில் 58 முதல் 63 வரை). அந்தப் பிரிவின் மொத்த எண்ணிக்கையை ஊடகத்தின் எண்ணிக்கை என்று படிக்கக் கூடாது.

மூன்றாவது, தொழில்துறை என்பது நிறுவனத்தைப் பொறுத்தது, ஆள் செய்யும் வேலையைப் பொறுத்ததல்ல. தொலைபேசி நிறுவனத்தின் கணக்காளர் அந்தப் பிரிவுக்குள் இருப்பார். விளம்பர நிறுவனத்தில் எழுதுபவர் வெளியே இருப்பார், ஏனென்றால் விளம்பரம் 73ஆம் பிரிவு. நிறுவனத்தின் குறியீட்டை நிறுவனங்களைப் பதிவுசெய்யும் ஏக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

தமிழ்ப் பக்கம்:
தமிழ் ஊடகத்தில் தனித்தொழில் செய்வோர் நிறைய. இவர்களுக்கு யூஇஎன் இல்லாமலும் இருக்கலாம். அப்போது அவர் செய்யும் வேலையே தொழில்துறையைத் தீர்மானிக்கும். வசந்தம் தொலைக்காட்சி நாடகத்துக்குக் கேமரா பிடித்தால் 59ஆம் பிரிவு. அதே கேமராவோடு கல்யாணத்துக்குப் போனால் புகைப்படச் சேவை, 74. தமிழ் முரசு நாளிதழில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர் ஊடகத்துக்குள் வருவார், வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பவர் நிபுணத்துவச் சேவைகளில் வருவார். இருவரும் ஒரே தமிழ்ப் பட்டம் வைத்திருக்கலாம். கையேட்டுக்கு அவர்கள் இருவருமே முக்கியம், ஆகவே அட்டவணையில் வேலை, தொழில்துறை என இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்.

அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். நம் சமூகம் சிறியது. "தமிழ்ச் செய்தி வாசிப்பு, சட்டம் படித்தவர்: 1" என்று அச்சடித்தால் அது யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

செங்காங் மலர்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு வரி மட்டும் நிற்கிறது: பலதுறைத் தொழிற்கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா, பிறகு பகுதிநேரமாக வணிகப் பட்டம், இப்போது வானொலியில் ஒலிப் பொறியாளர். இவரை எங்கே வைப்பது?

எண்ணும் எழுத்தும்:
உயர்ந்த தகுதியே கணக்கு, ஆகவே வணிகம். ஆனால் அவரை அந்த வேலைக்குள் கொண்டுபோனது டிப்ளோமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அமைச்சோடு ஒப்பிடும் அட்டவணையில் வணிகம் என்றே விடுங்கள். மாணவர்கள் பார்க்கும் பக்கத்தில் "முதல் வேலைக்கு முன் படித்தது" என்று இன்னொரு பத்தி சேர்த்து, அதில் எலக்ட்ரானிக்ஸ் என்று போடுங்கள். அதற்காக அந்தக் கேள்வியை ஏற்கெனவே பதில் அனுப்பிய எல்லாரிடமும் மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.