புளியமரம் கிழக்கா, மேற்கா?

குழு: கோட்டைச் சொந்தங்கள்

பாப்பு: (படம்) அப்புச்சி சொல்லச் சொல்ல வரைந்தேன். நம் பழைய ஊர் டணாயக்கன்கோட்டை, பவானிசாகர் அணைக்குள் மூழ்கிப் போவதற்கு முன்னால். பெருமாள் கோயில், கோட்டைச் சுவர், நம் வீடு, பவானி ஆறு. எல்லோரும் பார்த்துச் சொல்லுங்க.

சித்தி: அருமை பாப்பு 👏 ஞாயிறு கறி விருந்துக்கு யார் யார் வருகிறீர்கள்? ஆள் கணக்கு வேண்டும்.

அம்மா: மாதவராயப் பெருமாள் கோயில் மண்டபம் அச்சு அசலாக இருக்கிறதே! அணை வற்றிய வருஷம் பரிசலில் போய்ப் பார்த்தோமே, அதே தூண்கள்.

பாப்பு: அந்த போட்டோவைப் பார்த்துத்தான் தூணை வரைந்தேன் அம்மா. மற்றதெல்லாம் அப்புச்சி வாய்மொழி.

கோபி ஆத்தா: (குரல் பதிவு, பேரன் எழுதியது) படம் நல்லா இருக்குது கண்ணு. ஆனால் புளியமரம் கோயிலுக்குக் கிழக்கே. நீ மேற்கே வைத்திருக்கிறாய். வீட்டுக் கதவும் பச்சை இல்லை, நீலம்.

அப்புச்சி: மேற்கேதான் அக்கா. பச்சைதான்.

கோபி ஆத்தா: (குரல் பதிவு) அணை வேலை ஆரம்பித்த 1948ல் நீ அரைஞாண் கயிறோடு திரிந்தவன் தம்பி. உனக்கு என்ன தெரியும்?

சித்தி: 😂😂

பெரிய மாமா: 1955ல் அணை முடிந்தது. கீழ்பவானி வாய்க்காலில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். பெருந்துறை சம்பந்தி மஞ்சள் காட்டுக்குப் பாய்கிற தண்ணீர், நம் வாசலில் நின்றுவிட்டு வருவதுதான். அந்தப் பக்கம் கல்யாணம் என்றால் நமக்குத்தான் முதல் பந்தி போட வேண்டும்.

டொரன்டோ மாமா: பாப்பு, இந்த ஊரில் மேயர் கிர்ஷன்பிளாட் என்று ஒருவர் இருந்தார். போலந்தில் ஆப்ட் என்ற சிற்றூரின் யூதக் குடும்பம். 1934ல் 17 வயதில் கனடா வந்து பெயின்ட் கடை வைத்தார். பிறகு நாஜிகள் அந்த ஊர் யூதர்களை அழித்துவிட்டார்கள். இவர் 73 வயதில் தூரிகையை எடுத்து, சிறுவயதில் கண்ட ஊரை நினைவிலிருந்தே வரைந்தார். சந்தையில் மீனைத் திருடி மாரில் ஒளிக்கிற ஒரு பெண்கூட அதில் உண்டு. உன் படத்தில் ஏன் ஓர் ஆள்கூட இல்லை?

பாப்பு: அப்புச்சி கோயில், கோட்டை, ஆறு மட்டும்தான் சொன்னார் மாமா.

கோபி ஆத்தா: (குரல் பதிவு) அவன் எப்படிச் சொல்லுவான்? சந்தையன்று முறுக்குக்காரம்மா கூடையில் கைவிட்டு மாட்டியது யாராம்? அந்தம்மா இவன் காதைப் பிடித்து ஆற்றுத்துறை வரைக்கும் இழுத்துப் போனாள். பரிசல்காரர்தான் விடுவித்தார். அதை வரை கண்ணு.

அப்புச்சி: அக்கா, குழுவில் சம்பந்தி வீட்டாரும் இருக்கிறார்கள்.

சித்தி: வரை பாப்பு வரை!! காது சிவப்பாக இருக்கட்டும்.

பாப்பு: ஆத்தா, முறுக்குக்காரம்மா என்ன சேலை கட்டியிருந்தார்?

கோபி ஆத்தா: (குரல் பதிவு) சுங்கடி. ரவிக்கை கிடையாது, அந்தக் காலத்தில் பெரியவர்கள் போடுவதில்லை. ஊரைக் காலி செய்தபோது ஆளாளுக்கு ஓடு, உத்தரம், வாசல் நிலை, கதவு என்று பிரித்து வண்டியில் ஏற்றினோம். அந்தம்மா மட்டும் அம்மிக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். அதையும் வரை. அட, கதவு! இரு, வருகிறேன்.

அம்மா: அத்தை எங்கே போனார்?

கோபி ஆத்தா: (படம்) (குரல் பதிவு) நம் வீட்டுக் கதவுதான் எங்கள் மாட்டுச்சாளைக்கு. பேரனைக் காசை வைத்துச் சுரண்டச் சொன்னேன். மேலே இருக்கிற காவி நாங்கள் அடித்தது. அடியில் என்ன நிறம், பார்த்துக்கொள்.

பாப்பு: நீலம்!!!

பெரிய மாமா: அப்பா ஆன்லைனில்தான் இருக்கிறார், பதிலைக் காணோம்.

அப்புச்சி: கதவை மாற்று பாப்பு. நீலம்தான். முறுக்குக் கூடையையும் போட்டுவிடு. புளியமரம் மேற்கேதான்.