பெரியவர்கள் இருக்கும் மும்பைத் தமிழ் வீட்டுக்கு டிடிஎச், கேபிள், ஓடிடி ஆகியவற்றில் எது பொருந்தும்?

திலக்நகர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செம்பூர் திலக் நகரில் நாங்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, அதே மனையில் பதினாறு மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். இடைப்பட்ட மூன்றாண்டுகளை வாடகை வீட்டில் கழித்த நாங்கள், பதினோராம் மாடியில் எங்களுக்கு ஒதுக்கிய வீட்டுக்கு அடுத்த மாதம் குடிபோகிறோம். மரவேலை, சமையலறை மேடை எல்லாம் முடிந்துவிட்டன. இன்னும் முடிவாகாமல் நிற்பது டிவி இணைப்பு ஒன்றுதான்.

என் மாமியாருக்கு 74 வயது. கல்யாணமாகி 1971இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்தவர். காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்கு இந்தி தெரியும், அதற்கு மேல் தெரியாது. முழங்கால் வலியால் இரண்டு ஆண்டுகளாகக் கீழே இறங்குவதே அரிதாகிவிட்டது. மாலை ஆறரை முதல் இரவு பத்து வரை வரும் தமிழ்த் தொடர்கள்தாம் அவருக்கு அக்கம்பக்கம். மாமனாருக்குக் காலையில் தமிழ்ச் செய்தி வேண்டும், மதியம் பழைய பாட்டு வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகனுக்குக் கிரிக்கெட். மற்றதையெல்லாம் அவன் போனிலேயே பார்த்துக்கொள்கிறான். ஃபைபர் இணைப்பும், இணையம் வழியாகச் செயலியில் பார்க்கும் ஓடிடி சந்தாக்கள் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. "ஓடிடி போதும், டிஷ்ஷை நிறுத்திவிடலாம்" என்பது மகனின் கட்சி.

வாடகை வீட்டில், செயற்கைக்கோளிலிருந்து நேரே நம் டிஷ்ஷுக்கு வரும் டிடிஎச் வைத்திருந்தோம். சென்ற ஜூலையில் பெருமழை பெய்த அன்று, படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் நின்றது. தொடர்ந்து நான்கு இரவுகள் அப்படியே போயின. மழை விட்ட பிறகும் வரவில்லை. புகார் கொடுத்தால் "மழைக்காலம் அம்மா, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அந்த நான்கு நாளும் மாமியார் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதிய வீட்டின் கூடமும் பால்கனியும் மேற்கு பார்த்தவை. தனித்தனியாக யாரும் வெளிச்சுவரில் டிஷ் பொருத்தக் கூடாது என்று சொசைட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மாட்டுங்கா அன்பன் எழுதியது:

வணக்கம் சகோதரி. டிஷ் பொருத்தும் வேலையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவன் என்பதால், முதலில் திசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு டிடிஎச் சேவைகளுக்கான செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகை முதல் 108 பாகை வரை வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. மும்பை இருப்பதோ ஏறத்தாழ 73 பாகையில். ஆகவே எந்த நிறுவனத்தின் இணைப்பை எடுத்தாலும் நம் ஊரில் டிஷ் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானத்தைத்தான் பார்க்க வேண்டும். 83 பாகையில் உள்ள டாடா பிளேக்குத் தெற்கை ஒட்டித் திருப்புவோம், 108 பாகையில் உள்ள ஏர்டெல்லுக்குக் கிழக்கை ஒட்டித் திருப்புவோம், மற்றவை இவற்றுக்கு இடையில் வரும். உங்கள் மேற்குப் பால்கனியிலிருந்து பார்த்தால் உங்கள் கட்டடமே குறுக்கே நிற்கும். சொசைட்டி அனுமதித்தாலும் அங்கே டிஷ் வேலை செய்யாது என்பதால், அந்தத் தீர்மானத்தை எதிர்த்துச் சண்டை போட வேண்டாம்.

வழி ஒன்று இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரே டிஷ் வைத்து, அதிலிருந்து பிரித்துப் பல வீடுகளுக்குக் கம்பி இறக்கலாம். புதிய கட்டடங்களில் இதற்கென்றே குழாய்ப் பாதை விட்டிருப்பார்கள், செயலாளரிடம் கேளுங்கள். பதினாறாம் மாடிக்கு மேலிருந்து பதினோராம் மாடிக்கு வரக் கம்பி முப்பது மீட்டருக்குள் அடங்கினால் ஆர்ஜி-6 எனப்படும் நல்ல டிவிக் கம்பியில் கவலை இல்லை. அதைவிட நீண்டால் இடையில் பெருக்கி போடச் சொல்லுங்கள்.

அடுத்தது மழை. டிடிஎச் வருவது கேயு பேண்ட் அலையில், அதாவது ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். இதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் என்பதால், கொட்டும் மழைத்துளிகள் அலையின் ஆற்றலை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. இது யாராலும் தவிர்க்க முடியாதது, ஆனால் கனத்த மேகம் தலைக்கு மேல் நிற்கும் நேரம் வரைக்கும்தான் இருக்கும். மழை விட்டு அரை மணி நேரத்தில் படம் திரும்பிவிட வேண்டும். உங்களுக்கு நான்கு நாள் வரவில்லை என்றால் குற்றம் மழையின் மீது இல்லை. ஒன்று, காற்றில் டிஷ் நகர்ந்திருக்கும். அல்லது டிஷ்ஷின் முனையில் கம்பியைத் திருகும் இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவதுதான். அந்தத் திருகுமுனையைக் கழற்றினால் உள்ளே செப்புக் கம்பி பச்சை பூத்திருக்கும், நம் கடற்காற்றுக்கு அது இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, மேலே ரப்பர் உறை மாட்டி, கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டுக் கட்டினால் தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் மழையைக் காரணம் காட்டியவர்கள் செய்தது சரியில்லை.

முலுண்டு வாசகர் எழுதியது:

எங்கள் வீட்டில் பதினைந்து ஆண்டுகளாகக் கேபிள்தான். மும்பையில் 2012 அக்டோபர் இறுதியோடு பழைய அனலாக் கேபிள் நிறுத்தப்பட்டு எல்லாம் செட்டாப் பாக்ஸ் ஆகிவிட்டதால், படத்தின் தரத்தில் டிடிஎச்சுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. மழையில் நிற்பது குறைவு. ஆனால் எங்கள் தெருவில் மின்சாரம் போனால், நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், வழியில் உள்ள பெருக்கியோடு சேர்ந்து கேபிளும் போய்விடும். ஆள் பக்கத்திலேயே இருப்பார் என்பதுதான் பெரிய ஆறுதல். தீபாவளி அன்று காலையில்கூட வந்து சரிசெய்து கொடுத்திருக்கிறார்.

கவனிக்க வேண்டியது கட்டணத்தை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிகளின்படி 2019 பிப்ரவரியிலிருந்து நமக்கு வேண்டிய சேனலை மட்டும் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது. டிடிஎச்சுக்கும் கேபிளுக்கும் இது பொது. ஆனால் யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை. எனக்கு முதலில் முந்நூறு சேனல் கொண்ட ஒரு தொகுப்பைத் தலையில் கட்டினார்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம், நாங்கள் பார்ப்பது மொத்தம் பதினொன்று. மும்பையின் அடிப்படைத் தொகுப்பில் இந்தியும் மராத்தியும்தான் நிறைந்திருக்கும், தமிழை நாம்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

பில்லில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம், மற்றது கட்டணச் சேனல்களின் விலை. மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அடிப்படைக் கட்டணம் முன்பு 130 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டதால் இப்போது ஆளுக்கு ஆள் மாறுகிறது, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது டிவி வைத்தால் அதற்குத் தனிப் பெட்டி, தனிக் கட்டணம். எல்லாச் சேனலையும் எச்டியில் எடுக்காமல், பெரியவர்கள் நாள்தோறும் பார்க்கும் இரண்டு மூன்றை மட்டும் எச்டியில் எடுங்கள். சில சமயம் நான்கு சேனலைத் தனித்தனியாகக் கூட்டினால் வரும் தொகையைவிட, அந்த நான்கும் அடங்கிய தொகுப்பு மலிவாக இருக்கும். ஒரு தாளில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் அக்கா.

பவாய் வாசகி எழுதியது:

உங்கள் மகன் சொல்வதைத்தான் நானும் என் அம்மாவுக்குச் செய்தேன், ஆறு மாதத்தில் மாற்றிக்கொண்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தமிழ் நிகழ்ச்சிகள் ஓடிடியில் கிடைக்காமல் இல்லை. சன் குழுமத்தின் தொடர்கள் சன் நெக்ஸ்டில் இருக்கின்றன. விஜய் டிவியின் தொடர்கள், 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோ சினிமாவும் இணைந்து உருவான ஜியோ ஹாட்ஸ்டாரில் இருக்கின்றன. ஜீ தமிழுக்கு ஜீ5. செய்திச் சேனல்களில் தந்தி டிவி, புதிய தலைமுறை போன்றவை யூடியூபிலேயே நேரலையாக வருகின்றன, உங்கள் மாமனாருக்கு அது போதும். சிக்கல் என்னவென்றால், டிவியில் ஒரே ரிமோட்டில் எண்ணை அழுத்திப் போகும் மூன்று சேனல், இங்கே மூன்று செயலிகளாகவும் மூன்று சந்தாக்களாகவும் பிரிந்து நிற்கிறது. அம்மாவுக்கு எது எங்கே என்று நினைவில் நிற்கவில்லை. ஒரு நாள் செயலி தானாக வெளியேறிவிட்டு, மீண்டும் நுழைய ஓடிபி கேட்டது. அந்த ஓடிபி வந்த என் போன் அலுவலகக் கூட்டத்தில் சத்தமில்லாமல் கிடந்தது. நான் ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, எண்ணைக் கேட்கும் திரைக்கு முன்னால் அம்மா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன், சொல்லவில்லை. மறுநாளே கேபிள்காரரைக் கூப்பிட்டேன்.

டேட்டா பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி என்று வைத்தால், நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலும் மாதம் 720 ஜிபிதான்; வீட்டு ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாத வரம்பு 3,000 ஜிபிக்கு மேல். ஆனால் நாளுக்கு 2 ஜிபி தரும் போன் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் போட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கிரிக்கெட்டைப் பொறுத்தவரை நேரலை ஓடிடியில் சில பந்துகள் பின்தங்கித்தான் வரும். எதிர்வீட்டில் கேபிளில் பார்ப்பவர்கள் கூச்சலிட்ட பிறகுதான் நமக்குப் பந்துவீச்சாளர் ஓடி வருவார். உங்கள் மகனுக்கு அது பெரிதில்லை என்றால் ஓடிடி போதும்.

தாராவி வாசகர் எழுதியது:

மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷை யாரும் சொல்லவில்லையே? 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டிடி தமிழ் அதில் வருகிறது. இந்தியா ஆடும் முக்கிய ஆட்டங்களும் தூர்தர்ஷனில் கிடைக்கும்.

மாட்டுங்கா அன்பன் எழுதியது:

நல்ல சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சன், விஜய், ஜீ தமிழ் ஆகியவை கட்டணச் சேனல்கள் என்பதால் அதில் வரமாட்டா; சகோதரியின் மாமியாருக்கு வேண்டியவை அவைதாம். திசைச் சிக்கலும் அப்படியேதான் இருக்கும். இன்னொரு செய்தி: தனியாரிடமிருந்து தூர்தர்ஷனுக்குச் சட்டப்படி பகிரப்படும் ஆட்டங்களை அதன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கேபிளில் தூர்தர்ஷன் வருகிறதே என்று அந்த ஆட்டங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

திலக்நகர் வாசகி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பவாய் சகோதரி எழுதியதை என் மகனிடம் படித்துக் காட்டினேன். பாட்டி டிவி முன்னால் அப்படி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தானோ என்னவோ, அதற்குப் பிறகு அவன் வாதாடவில்லை. செயலாளரிடம் விசாரித்ததில், பொது டிஷ்ஷுக்குக் குழாய்ப் பாதை இருந்தாலும் இன்னும் யாரும் கம்பி இறக்கவில்லை என்றும், கேபிள் மட்டும் ஒவ்வொரு மாடிக்கும் வந்துவிட்டது என்றும் தெரிந்தது. ஒரு சந்தேகம்: ஃபைபர் வழியாகவே டிவி சேனல்களைத் தருகிறோம் என்று எங்கள் பகுதியில் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். அது ஓடிடி போன்றதா, கேபிள் போன்றதா?

மாட்டுங்கா அன்பன் எழுதியது:

அதை ஐபிடிவி என்பார்கள். ஏர்டெல் 2025 மார்ச்சில் நாட்டின் பல நகரங்களில் இதைத் தொடங்கியது. சேனல்கள் ஃபைபரில் வந்து ஒரு பெட்டி மூலம் டிவிக்குப் போகின்றன. திசை வேண்டாம், மழை தொடாது, ஒரே பெட்டியில் ஓடிடியும் இருக்கும். ஆனால் ஃபைபர் அறுந்தால் இணையமும் டிவியும் சேர்ந்தே போகும். சாலை தோண்டாத மாதம் மும்பையில் ஏது? பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டும் வெவ்வேறு கம்பியில் வருவது நல்லது என்பது என் துணிபு. கூடத்தில் கேபிள், அதில் பெயர் சொல்லி எடுத்த தமிழ்ச் சேனல்கள். மகனுக்கு ஓடிடி ஒன்று. இரண்டாவது ஓடிடியில் பார்ப்பதெல்லாம் கேபிளிலும் வருகிறதா என்று பார்த்து, வந்தால் நிறுத்திவிடுங்கள். ரவுட்டருக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று போடுங்கள். பழைய டிடிஎச் பெட்டி வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

திலக்நகர் வாசகி எழுதியது:

அப்படியே செய்கிறோம். கேபிள்காரரிடம் இன்று பேசினேன். ஒன்பது தமிழ்ச் சேனல்கள், அவற்றில் இரண்டு எச்டி, எழுத்தில் விலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போதைய ரிமோட்டின் பின்புறம் நாள்காட்டித் தாளில் நான்கு எண்களை எழுதி மாமியார் ஒட்டி வைத்திருக்கிறார், டேப் மஞ்சளாகிவிட்டது. புதிய எண்கள் கையில் கிடைத்ததும், குடிபோகும் முன்பே பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டும் என்று இன்று காலை இரண்டு முறை நினைவூட்டினார்.