மெரினா வான் சாகசம், 2024 அக்டோபர் 6: மணலில் நின்று பார்த்தவை

இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி மெரினா கடற்கரையில் நடந்த வான் சாகச நிகழ்ச்சிக்கு அக்காவையும் அவருடைய மகனையும் அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். சென்னையில் 21 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த நிகழ்ச்சி அது. 72 விமானங்கள் பங்கேற்கும் என்று செய்தி வந்த நாளிலிருந்தே பையன் காகிதத்தில் ரஃபேல் வரைந்துகொண்டிருந்தான். அன்று வானில் கண்டதையும் தரையில் பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் சொல்வது அந்த நாளுக்கு நியாயம் செய்வதாகாது.

நிகழ்ச்சி காலை 11 மணிக்கு என்றாலும், வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்தில் காலையிலேயே நடைமேடை நிரம்பிவிட்டது. அப்போது அந்தப் பாதையின் கடைசி நிலையமான சென்னை பீச் வரை ரயில் ஓடவில்லை. எழும்பூருக்கும் சென்னை பீச்சுக்கும் இடையிலான நான்காவது ரயில் பாதைப் பணிக்காகச் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது. ஒரு ரயில் வந்து நின்றதும் உள்ளே இருந்தவர்கள் நகரவும் இடமில்லை, வெளியே இருந்தவர்கள் ஏறவும் வழியில்லை. எப்படியோ ஏறித் திருவல்லிக்கேணியில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தோம்.

மணலில் நிழல் என்பதே கிடையாது. குடை, தொப்பி, குடிநீர் ஆகியவற்றைக் கொண்டுவரும்படி முன்பே சொல்லியிருந்ததால் பலரும் குடையோடுதான் வந்திருந்தார்கள். ஆனால் கூட்டம் நெருங்க நெருங்க அந்தக் குடையே பிரச்சினை ஆகிவிட்டது. முன்னால் ஒருவர் குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு வானம் மறைகிறது. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயதான அம்மாவைப் பார்த்துப் பின்னாலிருந்து யாரோ, "அம்மா, குடையைக் கொஞ்சம் மடக்குங்கம்மா, பிள்ளைங்களுக்குத் தெரியல" என்று கேட்க, அவரும் மறுபேச்சில்லாமல் மடக்கிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். கேட்டவர் மேலும் தவறில்லை, மடக்கியவர் மேலும் தவறில்லை. ஆனால் அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். கடற்காற்றின் புழுக்கத்தில் வியர்வை உலராது. அந்த நிலையில் இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்ப்பது உடலுக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் அங்கே உட்கார்ந்த பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

கருட் சிறப்புப் படையினர் பணயக் கைதிகளை மீட்பதுபோல் நடித்துக் காட்டினார்கள். எங்கள் இடத்திலிருந்து ஹெலிகாப்டரின் மேல் பாதி மட்டுமே தெரிந்தது. விமானப்படையின் வான்குதிப்புக் குழுவான ஆகாஷ் கங்கா வீரர்களின் பாராசூட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்து இறங்கியபோதுதான் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் ஆர்ப்பரித்தது.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது, அன்று பறந்தவற்றிலேயே மிக மெதுவான விமானங்களில் ஒன்றான டகோட்டா. 1947 அக்டோபர் 27 அன்று காஷ்மீரைக் காக்கச் சீக்கியப் படைப்பிரிவு வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியவை இந்த வகை விமானங்கள்தாம். இப்போது விமானப்படையிடம் இருப்பது இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்டு 2018இல் இந்தியா வந்து சேர்ந்தது. இரண்டு உந்துவிசிறிகளும் கனத்த குரலில் முழங்க, அவசரமே இல்லாமல் அது கடலோரமாகக் கடந்தபோது சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேர் கைப்பேசியைக் கூட உயர்த்தவில்லை. ரஃபேலுக்கும் சுகோய்க்கும் காத்திருந்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் வரலாற்றை அறிந்து பார்ப்பவருக்கு அந்த ஒரு நிமிடத்திற்காகவே போயிருக்கலாம் என்று தோன்றும்.

போர் விமானங்கள் வந்தபோது பையன் குழம்பிப்போனான். "மாமா, சத்தம் ஒரு பக்கம் கேக்குது, பிளேன் வேற பக்கம் போகுதே!" என்றான். அவன் கவனித்தது சரிதான். அந்த வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் பயணம் செய்கிறது. இரண்டு கிலோமீட்டர் தொலைவில் போகும் விமானத்தின் சத்தம் நம்மை வந்து சேர ஆறு விநாடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அந்த ஆறு விநாடியில் ஒன்றரைக் கிலோமீட்டர் கடந்திருக்கும். ஆகவே சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புபவருக்கு வெறும் வானம்தான் கிடைக்கும். அது போகும் திசையில் வெகுதூரம் முன்னால் தேட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு அவன் ஒரு விமானத்தையும் தவறவிடவில்லை. எங்களுக்கும் அவனே கை நீட்டிக் காட்டினான். விமானம் செங்குத்தாகச் சாய்ந்து திரும்பும்போது இறக்கைகளின் மேல் வெண்ணிறப் படலம் ஒன்று தோன்றி மறைவதையும் அவன்தான் முதலில் பார்த்தான். இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் சட்டென்று குறைவதால் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் ஒரு கணம் நீர்த்துளிகளாகி மறைகிறது. கடலோரத்தின் ஈரக்காற்றில் அதைக் காணும் வாய்ப்பு அதிகம்.

கோயம்புத்தூர் சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் குழுவினர், மயில் தீட்டிய துருவ் ஹெலிகாப்டர்களில் ஒன்றையொன்று உரசிவிடுமோ என்று அஞ்சும்படி குறுக்காகப் பறந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான ஒன்பது ஹாக் விமானங்களோடு சூர்யகிரண் குழு வந்தபோது, களைத்து உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். இறக்கை நுனிகளுக்கு இடையே சில மீட்டர் இடைவெளியே விட்டு ஒன்பதும் ஒரே உடலாகத் திரும்பும் அழகைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், நேரில் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. அந்த விமானிகளின் பயிற்சிக்கும் ஒழுங்குக்கும் என் மனமார்ந்த வணக்கம்.

ஒரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் கடற்கரை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. ஏறத்தாழ 15 லட்சம் பேர் கூடியதாகச் செய்திகள் பின்னர் மதிப்பிட்டன. அத்தனை பேரும் காமராசர் சாலையைக் கடந்து சில சாலைகளுக்குள் நுழைந்தாக வேண்டும். எங்களிடம் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது, கடைகளிலும் இல்லை. அக்காவுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. திருவல்லிக்கேணியின் ஒரு சந்தில் வீட்டு வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு போவோர் வருவோருக்கெல்லாம் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, "பிள்ளைக்கு முதல்ல குடுங்க தம்பி, அப்புறம் அந்தப் பொண்ணைத் திண்ணையில உக்கார வைங்க" என்றார். அரை மணி நேரம் அந்தத் திண்ணையில் இருந்துவிட்டு, ரயிலை நம்பாமல் இராயப்பேட்டை வரை நடந்து வீடு சேர்ந்தோம்.

அன்று மாலைதான் உயிரிழப்புச் செய்திகள் வந்தன. நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். எங்களைப்போலவே குடும்பத்தோடு வானம் பார்க்க வந்தவர்கள். அவர்களை நினைக்காமல் அந்த நாளைப் பற்றி என்னால் பேச முடியவில்லை.

இதைப் பற்றி நான் நெடுநாள் யோசித்ததில் எனக்குப் படுவது இதுதான்: ஒரே ஞாயிற்றுக்கிழமை, இரண்டே மணி நேரம், அதுவும் நண்பகல் என்று அமைந்துவிட்டதால் முழு நகரமும் அந்த ஒரு பொழுதுக்குள் வந்து நெரிந்தது. பெங்களூரு எலகங்காவில் 1996 முதல் நடந்துவரும் ஏரோ இந்தியா கண்காட்சியில் நுழைவுச்சீட்டு உண்டு. பல நாட்களில் சாகசம் திரும்பத் திரும்ப நடப்பதால் கூட்டமும் பிரிகிறது. மெரினாவிலும் முந்தைய நாட்களில் ஒத்திகைகள் நடந்தன. அவற்றை மணலில் தாராளமாக நின்று பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். ஒத்திகையையும் ஒரு காட்சியாகவே முன்கூட்டி அறிவித்து, வெயில் ஏறுமுன் நிகழ்ச்சியை முடித்து, மணலில் ஆங்காங்கே பந்தலும் தண்ணீரும் வைத்தால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி தானாகப் பிரிந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த முறை போக நினைப்பவர்களுக்கு: கருட் படையின் மீட்புக் காட்சி போன்றவற்றைக் காண மட்டுமே மேடைக்கு அருகில் இடம் வேண்டும். சூர்யகிரணின் புகைக்கோலங்களோ கடலோரமாக நேர்கோட்டில் வரும் போர் விமானங்களோ அப்படியல்ல. சாந்தோம், பட்டினப்பாக்கம் பக்கத்து மொட்டை மாடிகளிலிருந்தே அவற்றை நன்றாகப் பார்த்ததாக நண்பர்கள் சொன்னார்கள். முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் அங்கேயே நில்லுங்கள். கடற்கரைக்கே போவதானால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். கடைசி விமானம் மறைந்ததும் எழுந்து ஓடாமல், நிழல் கிடைத்த இடத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.