பேருந்தில் திடீரென்று நெஞ்சு படபடப்பு: இதய நோயா, பீதித் தாக்குதலா?

அவிநாசி சாலை:
வணக்கம். எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாதங்களுக்கு முன், பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது, காரணம் எதுவுமின்றி நெஞ்சு படபடவென அடித்து, மூச்சு முட்டி, உள்ளங்கை வியர்த்து, விரல் நுனிகளும் உதட்டோரமும் மரத்துப்போய், இதோ உயிர் போகப்போகிறது என்றே தோன்றிவிட்டது. பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். ஈ.சி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்ததால், வாயுத் தொல்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன்பின் நான்கு முறை வந்துவிட்டது. அதில் ஒன்று நள்ளிரவில், நல்ல தூக்கத்தில். வீட்டில் கண் திருஷ்டி என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டார்கள். இப்போது பேருந்தில் ஏறுவதையே விட்டுவிட்டு வண்டியில் போகிறேன். இது இதயமா, மனமா? பேருந்திலேயே மயங்கி விழுந்துவிடுவேனோ என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது.

வைகைக்கரை:
நண்பரே, உதட்டோரம் மரத்துப்போவதை நீங்கள் எழுதியதும் எனக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் இரண்டு ஆண்டுகள் தண்ணீர் பாட்டிலும் சட்டைப்பையில் ஒரு மாத்திரையும் இல்லாமல் வாசற்படி தாண்டியதில்லை. மாத்திரையை நான் விழுங்கியதே அபூர்வம். ஆனால் அது பையில் இருக்கிறதா என்று ஒரு மணி நேரத்தில் பத்து முறை தொட்டுப் பார்ப்பேன். அந்தத் தொட்டுப் பார்த்தல்தான் என் பயத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. நீங்கள் பாதி வழியில் இறங்கியதும் அப்படித்தான்: இறங்கியவுடன் படபடப்பு குறைவதால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் அது குறைந்திருக்கும். வரும்போது அதை எதிர்த்து மல்லுக்கு நிற்காமல், மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட்டுப் பாருங்கள்.

மனநல மருத்துவர் (அரசுப் பணி):
நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்வது முறையன்று. ஆனால் நீங்கள் விவரித்தது, 'பேனிக் அட்டாக்' எனப்படும் பீதித் தாக்குதலுக்கு மிகவும் பொருந்துகிறது. இது திடீரென்று எழுந்து, பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானே அடங்கும். தூக்கத்திலும் வரும். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுவதால்தான் விரல்களும் உதடும் மரத்துப்போகின்றன, தலை கிறுகிறுக்கிறது. மயக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள்: இத்தகைய நேரத்தில் இரத்த அழுத்தம் பொதுவாக ஏறவே செய்யும் என்பதால், மயங்கி விழுவது அரிது. காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியம் வேண்டாம்; உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ பாதிக்கப்பட்டிருந்தால் அது ஆபத்து.

தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை காபி, டீ குடிக்கிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். படியேறும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, நினைவு தப்பினாலோ, மனப்பதற்றம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மீண்டும் வருமோ என்ற அச்சமும், அதற்காக இடங்களைத் தவிர்ப்பதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை அவசியம். பேச்சுவழிச் சிகிச்சையில், உட்கார்ந்த நாற்காலியைச் சுழற்றியும் உறிஞ்சுகுழல் வழியே மூச்சு விட்டும் அதே கிறுகிறுப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவோம். கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் நன்றாகப் பலன் தரும் முறை அது. மருந்து தேவைப்பட்டால், தினமும் எடுக்கும் மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். உடனே அமைதிப்படுத்தும் அல்பிரசோலம் போன்றவற்றைப் பக்கத்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பழக்கமாகிவிடும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

கரிசல்:
என் மனைவிக்கு இது உண்டு. "ஒன்றுமில்லை, சும்மா இரு" என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கும்படி நானும் மெதுவாக மூச்சு விடுவேன், அவ்வளவுதான்.

அவிநாசி சாலை:
அனைவருக்கும் நன்றி. காபி, டீ சேர்த்து நாளைக்கு ஏழு என்று எண்ணியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. தைராய்டு சரியாக உள்ளது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கிவிட்டேன். நேற்று அதே பேருந்தில் ஏறினேன். இரண்டாவது நிறுத்தத்தில் படபடப்பு வந்தது; கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நிறுத்தங்கள் தாண்டி அடங்கியது. வியர்வையில் பயணச்சீட்டு கையிலேயே கூழாகிவிட்டது.